எண்ணெய் தீர்ந்த பிறகு வரும் பில்

கடலில் நிற்கும் பழைய எண்ணெய் மேடைகளை அகற்ற எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போடுவது என் வேலை. கேட்பவர்கள் உடனே பெரிய கிரேன்களைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். வேடிக்கை பார்க்க அது நன்றாகவே இருக்கும். 2017இல் வட கடலில் பிரென்ட் டெல்டா மேடையின் மேல்பகுதியை, சுமார் 24,000 டன், ஒரு கப்பல் ஒரே தூக்கில் தூக்கிக்கொண்டு போனது.

ஆனால் காசு அதிகம் கரைவது கண்ணுக்குத் தெரியாத இடத்தில். மொத்தச் செலவில் ஏறக்குறையப் பாதி கிணறுகளை மூடவே போய்விடும். மூடுவது என்றால் வாயில் மூடி போடுவதல்ல. உள்குழாய்களை உருவி, ஆழத்தில் சிமென்ட் அடைப்புகள் வைத்து, பிடித்ததா என்று அழுத்தம் கொடுத்துச் சோதித்து, அப்புறம் கடல்தரைக்குக் கீழே குழாயை வெட்ட வேண்டும். இத்தனை வேலைக்கும் ரிக்குக்கு, அதாவது கிணற்றில் குழாய்களை ஏற்றி இறக்கும் துளையிடு மேடைக்கு, நாள் வாடகை. கடல் கொந்தளித்து வேலை நின்றாலும் வாடகை நிற்காது.

ஒரு கிணற்றில் வெளிக்குழாயைச் சுற்றி சிமென்ட் இருப்பதாகப் பழைய பதிவேடு சொன்னது. நம்பி நாள் கணக்குப் போட்டேன். இறங்கிச் சோதித்தால் பாதி தூரத்துக்கு ஒன்றுமே இல்லை. நான் போட்ட நாட்கள் இரண்டு மடங்காயின. மேடையின் கால்களில் பல ஆண்டுகளாக ஒட்டி வளர்ந்த சிப்பிகளின் எடையை விட்டுவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை. கரைக்கு வந்தபின் அவை அழுகும் நாற்றத்துக்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை.

சரி, இதையெல்லாம் யார் கொடுப்பது? பிரிட்டனில் அகற்றும் செலவை லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். லாபம் போதாவிட்டால் முன்பு கட்டிய வரியிலிருந்தே திரும்பப் பெறவும் வழி உண்டு. மொத்தச் செலவு 4,500 முதல் 7,700 கோடி பவுண்டு வரை போகலாம், அதில் சுமார் 2,400 கோடி அரசின் தலையில் விழலாம் என்று அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் 2019இல் சொன்னது.

இன்னொரு வழி, வயதான எண்ணெய் வயலைச் சிறிய நிறுவனத்திடம் விற்றுவிடுவது. ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே திமோர் கடலில் நின்ற நார்தர்ன் எண்டெவர் என்ற எண்ணெய்க் கப்பலும் அதன் கிணறுகளும் 2016இல் அப்படிக் கைமாறின. வாங்கிய நிறுவனம் சில ஆண்டுகளிலேயே திவால். பொறுப்பு அரசிடம் வந்தது. அரசு, அந்த வயலோடு சம்பந்தமே இல்லாத நிறுவனங்களையும் சேர்த்து, கடலில் எடுக்கும் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும், ஒரு பீப்பாய் எண்ணெய்க்குச் சமமான அளவுக்கு 48 சென்ட் என்று தனி வரி போட்டது. பழைய உரிமையாளரையும் திரும்ப இழுக்கும் விதியை 2021இல்தான் சட்டத்தில் சேர்த்தார்கள்.

வட கடலின் பிரென்ட் வயல் எண்ணெய் தரத் தொடங்கிய அதே 1976இல்தான் மும்பைக்கு அப்பால் கடலில் உள்ள நம் பம்பாய் ஹை வயலும் தொடங்கியது. இந்தியாவில் இந்தச் செலவுக்கென நிறுவனங்கள் முன்கூட்டியே தனிக் கணக்கில் பணம் போட்டால் வருமான வரியில் விலக்கு உண்டு. எண்ணெய் நிறுவனப் பங்கு வைத்திருப்பவர்கள் ஆண்டறிக்கையில் லாபத்தைப் பார்த்த கையோடு, கிணறுகளை மூட ஒதுக்கிய தொகை எவ்வளவு, அது எந்த ஆண்டின் விலையில் போட்ட கணக்கு என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் பின்பக்கக் குறிப்புகளில், சின்ன எழுத்தில் இருக்கும்.