முன்னிசைவு: 'பங்குதாரர் அனுமதி' ஏன் தவறு?

"கட்சிகளுக்கு நிதி வழங்க பங்குதாரர் அனுமதி கட்டாயம்." பிரிட்டனின் நிறுமச் சட்டம், அதாவது கம்பெனிச் சட்டம், பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நம் செய்தி மேசைகள் இப்படித்தான் எழுதுகின்றன. ஆறு சொல்லில் இரண்டு பிழை. 'அனுமதி' பெரிய பிழை, 'பங்குதாரர்' சின்னப் பிழை. 'உறுப்பினர்களின் முன்னிசைவு' என்று இருக்க வேண்டும். உறுப்பினர் என்றால் நிறுமத்தில் பங்கு வைத்திருப்பவர்.

பொருளை முதலில் பார்ப்போம். ஒரு நிறுமம் தன் பணத்தைக் கட்சிக்கோ வேட்பாளருக்கோ அரசியல் பரப்புரைக்கோ செலவிடும் முன், அதில் பங்கு வைத்திருப்பவர்கள் வாக்களித்து அதற்கு இசைந்திருக்க வேண்டும் என்பதே ஏற்பாடு. பிரிட்டன் இதை 2000-இல் கொண்டுவந்தது. இப்போது 2006-ஆம் ஆண்டு நிறுமச் சட்டத்தின் 14-ஆம் பகுதியில் இருக்கிறது. 12 மாதத்தில் கொடுப்பது மொத்தம் 5,000 பவுண்டைத் தாண்டினால் தீர்மானம் வேண்டும். தீர்மானத்தில் உச்சத் தொகை இருக்க வேண்டும். ஒரு தீர்மானம் அதிகபட்சம் 4 ஆண்டுக்குச் செல்லும்.

சொல் வரலாறு சுருக்கமானது. இசைதல் என்றால் பொருந்துதல், உடன்படுதல். அதிலிருந்து இசைவு. உடன்பாட்டு ஆவணத்தை 'இசைவு தீட்டு' என்று பழைய கல்வெட்டுகள் சொல்கின்றன. முன்கூட்டியே பெறும் இசைவு முன்னிசைவு. அனுமதி வடசொல். அது வடசொல் என்பதற்காக அதைத் தள்ளவில்லை. 'சம்மதம்' என்று எழுதினால்கூட எனக்குச் சண்டையில்லை, அதுவும் வடசொல்தான். பொருள் திசை மாறுகிறது என்பதே என் வாதம்.

அனுமதி மேலிருந்து கீழே வருவது. தாசில்தார் அனுமதி, காவல் துறை அனுமதி, தலைமை ஆசிரியர் அனுமதி. கொடுப்பவருக்கு அதிகாரம், கேட்பவருக்குக் காரியம். நிறுமத்தில் பணம் உறுப்பினர்களின் முதலீட்டில் விளைந்தது, இயக்குநர்கள் அதை நடத்தித் தருபவர்கள். தஞ்சாவூர்ப் பக்கம் பாகம் பிரிக்காத நிலத்தை அண்ணன் மட்டும் விற்க வந்தால், வாங்குபவர் பங்காளிகள் எல்லாருடைய கையெழுத்தையும் கேட்பார். அந்தக் கையெழுத்தை யாராவது 'அனுமதி' என்கிறார்களா? சம்மதம் என்கிறார்கள். நன்செய்க்குத் தெரிந்த வேறுபாடு நாளிதழுக்குத் தெரியவில்லை.

இன்னொரு கோளாறு. அனுமதி என்றதும் படிப்பவர், இன்ன கட்சிக்கு இத்தனை ரூபாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குவதாக நினைப்பார். பிரிட்டன் சட்டம் அதற்கு நேர் எதிர். கட்சிகளும் சுயேச்சை வேட்பாளர்களும், பிற அரசியல் அமைப்புகள், அரசியல் செலவு என்ற தலைப்புகளில் பொதுவாகத்தான் தீர்மானம் இருக்கலாம். குறிப்பிட்ட ஒரு கொடையைப் பெயர் சொல்லி இசைவு தரக் கூடாது. அரசியல் செலவு என்பதன் வரையறை அங்கே மிக அகலம். அதனால் கட்சிக்கு ஒரு காசும் கொடுக்காத நிறுவனங்கள்கூட முன்னெச்சரிக்கையாக ஆண்டுக் கூட்டத்தில் இந்தத் தீர்மானத்தை நிறைவேற்றி வைக்கின்றன. 'நிதி வழங்க அனுமதி பெற்றது' என்று அதை மொழிபெயர்த்தால், கொடுக்காதவர் தலையில் கொடுத்த பழி விழுகிறது.

இசைவில்லாமல் கொடுத்தால் என்ன ஆகும்? தொடர்புடைய இயக்குநர்கள் அந்தத் தொகையை வட்டியோடு சொந்தக் கையிலிருந்து நிறுமத்துக்குத் திருப்பித் தர வேண்டும். பங்கு மூலதனத்தில் 5 விழுக்காடு வைத்திருப்பவர்களோ, குறைந்தது 50 உறுப்பினர்களோ சேர்ந்தால் நிறுமத்தின் பேரிலேயே வழக்குத் தொடுக்கலாம்.

சிலர் 'ஒப்புதல்' என்கிறார்கள். அனுமதியைவிடத் தேவலாம். ஆனால் ஒப்புதல் வாக்குமூலம், ஒப்புகைச் சீட்டு என்று நடந்து முடிந்ததை ஏற்கும் வாடை அதில் உண்டு. நடந்ததை அப்புறம் ஏற்பதற்குப் 'பின்னேற்பு' என்று தனிச் சொல் வைத்துக்கொள்ளலாம். இந்தச் சட்டத்தின் உயிரே 'முன்' என்ற இரண்டு எழுத்தில் இருக்கிறது.

பங்குதாரர் விஷயத்துக்கு வருவோம். 'தார்' பாரசீக ஒட்டு. மிராசுதாரோடு வந்து டெல்டாவில் பழகிப்போனது. சிக்கல் வேறு. கூட்டு வணிகத்தில் கூட்டாளியும் பங்குதாரர், பங்கு வைத்திருப்பவரும் பங்குதாரர், இப்போது அரசுத் திட்ட அறிக்கைகளில் 'தொடர்புடைய எல்லாத் தரப்பினரும்' பங்குதாரர். வாக்குரிமை யாருக்கு என்பதுதான் கேள்வி என்கிறபோது இந்தக் குழப்பம் கட்டுபடியாகாது. உறுப்பினர் என்றே எழுதலாம், சட்டமும் அப்படித்தான் எழுதுகிறது. உறுப்பினர்கள் கூடி வாக்களிக்கும் கூட்டத்தைப் 'பொதுக்குழு' என்பது இன்னும் மோசம். 'பொதுக்குழு ஒப்புதலோடு கட்சிக்கு நிதி' என்று படித்தால் கட்சியின் பொதுக்குழுவா, நிறுமத்தினுடையதா? பொதுக்கூட்டம் என்றாலும் மேடை, மைக், தோரணம்தான் கண்ணில் நிற்கிறது. பேரவைக் கூட்டம் என்று கூட்டுறவுச் சங்கங்கள் பல காலமாகச் சொல்வதை எடுத்துக்கொண்டால் போயிற்று. மொழிபெயர்ப்பாளர்களுக்கு அகராதி வாங்கிக் கொடுப்பதைவிட ஒரு சங்கத் தீர்மானப் புத்தகத்தைக் கொடுக்கலாம்.

இந்தியாவில் முன்னிசைவு என்ற சொல்லுக்கு வேலை வராத இடம் ஒன்று, வந்த இடம் ஒன்று. 2013-ஆம் ஆண்டு நிறுமச் சட்டம் 182-ஆம் பிரிவின்படி, கட்சிக்குப் பணம் கொடுக்க இயக்குநர் குழுக் கூட்டத்தின் தீர்மானம் போதும். உறுப்பினர் இசைவு தேவையில்லை. நிறுமம் தொடங்கி மூன்று நிதியாண்டு ஆகியிருக்க வேண்டும், அரசு நிறுமமாக இருக்கக் கூடாது, ரொக்கமாகத் தரக் கூடாது. கட்சி மலரில் கொடுக்கும் விளம்பரமும் இதே கணக்கில் சேரும். முந்தைய மூன்று ஆண்டு சராசரி நிகர லாபத்தில் 7.5 விழுக்காடு உச்சவரம்பு. 2017-இல் அந்த வரம்பை எடுத்தார்கள். அப்படி எடுத்தது செல்லாது என்று 15.2.2024 அன்று தேர்தல் பத்திரத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

181-ஆம் பிரிவு அறக்கொடைக்கானது. அங்கே அதே சராசரி லாபத்தில் 5 விழுக்காட்டைத் தாண்டினால் பேரவையின் முன்னிசைவு வேண்டும். லாபம் 4, 5, 6 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 5 கோடி. மருத்துவமனை அறக்கட்டளைக்கு 26 லட்சம் என்றால் பேரவையைக் கூட்ட வேண்டும். கட்சிக்கு 37 லட்சம் என்றால் இயக்குநர்கள் மேசையிலேயே முடிந்துவிடும். 181-இன் ஆங்கில வாசகத்திலேயே அனுமதி என்ற பொருள்தரும் சொல் இருக்கிறதே என்பார்கள். சட்டம் எழுதியவர் வழுக்கிய இடத்தில் நாமும் வழுக்க வேண்டும் என்று விதியில்லை.

டெல்டாவில் இன்று இது நேராகத் தொடும் இடம் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள். நெல், உளுந்து, தேங்காய் என்று மன்னார்குடி, பாபநாசம் பக்கத்து விவசாயிகள் பங்கு வாங்கிச் சேரும் இவற்றுக்குச் சட்டத்தில் தனி அத்தியாயம் உண்டு. உழவர்கள் தனியாளாகச் சேர்ந்தால், எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு. உறுப்பினர் நலனுக்கான கொடைக்குச் சிறப்புத் தீர்மானம், அதாவது எதிர் வாக்கைப் போல் மூன்று மடங்காவது ஆதரவு வாக்கு வேண்டும். அதுவும் முந்தைய ஆண்டு நிகர லாபத்தில் 3 விழுக்காட்டுக்குள். இந்தக் கூட்டத்துக்கான அறிவிப்பில் "பங்குதாரர்களின் அனுமதி வேண்டி" என்று அச்சடிப்பதை விட்டு "உறுப்பினர்களின் முன்னிசைவுக்கு" என்று எழுதுங்கள். நோக்கம், தொகை, பெறுபவர் மூன்றையும் அதன் கீழேயே போடுங்கள். அரசியலுக்கு மட்டும் இந்த வாசகம் உதவாது. கட்சிக்குப் பணமாகவோ, ஆளாகவோ, பொருளாகவோ இந்த நிறுவனங்கள் எதையும் நேராகவும் சுற்றியும் கொடுக்கக் கூடாது. நெல் ஏற்றும் வண்டியைப் பரப்புரைக்கு விடுவதும் அதில் அடங்கும். உறுப்பினர் அத்தனை பேரும் இசைந்தாலும் செல்லாது.