பச்சைச் சாயத்துக்குள் ஒரு சில்லை

போன மாதம் ஒரு சிறுமி, காற்றுக்குத் துளை போட்ட செருப்புப் பெட்டியில் பச்சைக் குருவி ஒன்றைக் கொண்டுவந்தாள். திருவிழாவில் அப்பா வாங்கித் தந்ததாம். "கலர் குருவி டாக்டர், நேத்துலேர்ந்து சாப்பிடவே மாட்டேங்குது" என்றாள். தராசில் வைத்தேன், 10 கிராம்தான். வயிற்றோரம் ஈரப் பஞ்சால் ஒற்றியதும் பஞ்சு பச்சையானது. அடியில் மீன் செதில் போலப் பழுப்புக் கோடுகள். புள்ளிச் சில்லை!

நாம் தினைக்குருவி என்று பொதுவாகச் சொல்லும் பறவைகளில் புள்ளிச் சில்லையும் கருந்தலைச் சில்லையும் நெருங்கிய சொந்தம். இரண்டும் 11, 12 செ.மீ. நீளம்தான். இரண்டிலும் ஆணையும் பெண்ணையும் தோற்றத்தில் எளிதில் பிரிக்க முடியாது. வளர்ந்த கருந்தலைச் சில்லைக்கு மையில் முக்கியெடுத்தது போன்ற தலை, வெள்ளை விலா, செம்பழுப்பு முதுகு, வெளிர்நீல அலகு. அந்தக் கறுப்பின் மேல் பச்சைச் சாயம் ஏறாது.

குஞ்சுகளில்தான் குழப்பம். செதிலும் இல்லை, கருந்தலையும் இல்லை; இரண்டும் வெறும் பழுப்பு. நான் முதலில் அலகைப் பார்ப்பேன். கருமையாக இருந்தால் புள்ளிச் சில்லை, நீலச்சாம்பல் என்றால் மற்றது. கீழே விழுந்த குஞ்சு என்றால் எடுத்து வராதீர்கள். சற்றுத் தள்ளி நின்று பாருங்கள், இரை கொடுக்க வரும் தாயோ தகப்பனோ விடை சொல்லிவிடும். இனம் தெரிவது முக்கியம். புள்ளிச் சில்லைக்குத் தோட்டமும் புதர்க்காடும் போதும். கருந்தலைச் சில்லை நாணலும் கோரையும் நிற்கும் நீரோரத்தைத் தேடும். மீட்ட பறவையைத் தன் கூட்டம் மேயும் இடத்தில்தான் விடவேண்டும்.

அப்புறம், சாயத்தை வீட்டில் சோப்புப் போட்டுக் கழுவவே கூடாது. நனைந்த இறகோடு இவ்வளவு சிறிய உடம்பு சீக்கிரம் சில்லிட்டுப்போகும். வாயில் தண்ணீரும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். இருட்டான, வெதுவெதுப்பான பெட்டியில் வைத்து உடனே கொண்டுவாருங்கள். இறகைக் கோதும்போதெல்லாம் அந்தச் சாயம் அதன் வயிற்றுக்குள் போய்க்கொண்டே இருக்கிறது.

1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சில்லைகளைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றம் என்றபோது அப்பாவின் முகம் மாறியது. பாவம், அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

மூன்றாம் நாள் தினையைக் கொறித்தது. வனத்துறை ஊழியர் வந்து வாங்கிப்போகும்போது 12 கிராம் இருந்தது. சிறகில் மட்டும் பச்சை அப்படியே. அடுத்து இறகு உதிர்த்துப் புதிது முளைத்தால்தான் அது போகும்.