வெள்ளைப் பந்தை அடிக்கும்முன் கண் எங்கே நிற்கிறது?

"யோசிக்காம அடிச்சா பந்து விழுது. முக்கியமான ஷொட் என்று நிதானிச்சு அடிச்சா பொக்கெட் வாயில பட்டுத் திரும்புது. ஏன்?" ஹட்டனில் பூல் (கியூ என்ற கோலால் வெள்ளைப் பந்தை அடித்து, மற்றப் பந்துகளை மேசை ஓரத்துப் பொக்கெட் என்ற குழிகளில் விழுத்தும் ஆட்டம்) ஆடும் வாசகர் ஒருவரின் கேள்வி இது. கண்ணூறு பட்டிருக்கும் என்று கூட ஆடுபவர்கள் சொல்கிறார்களாம். காரணம் கண்தான், ஆனால் அடுத்தவர் கண் அல்ல, அடிப்பவரின் கண்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பூல் பந்தின் விட்டம் 57.15 மில்லிமீட்டர். ஒன்பதடி மேசையில் மூலைப் பொக்கெட்டின் வாய் ஏறக்குறைய 114 மில்லிமீட்டர். வெள்ளையிலிருந்து மற்றப் பந்துக்கு ஒரு மீட்டர், அங்கிருந்து பொக்கெட்டுக்கு ஒரு மீட்டர், எல்லாம் நேர்கோட்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு பிசகினால், மற்றப் பந்து ஒன்றரைப் பாகைக்கு மேல் விலகிப் பொக்கெட்டின் உதட்டில் முட்டும். அவ்வளவு பிசகுக்குக் கியூவைப் பிடித்த பின்கை பக்கவாட்டில் ஒன்றரை மில்லிமீட்டர் நகர்ந்தாலே போதும். கியூவின் நுனி வெள்ளையைத் தொட்டுக்கொண்டிருப்பதோ ஏறக்குறைய ஒரு மில்லிவினாடி. கண் கண்டதை வைத்துக் கை தன்னைத் திருத்திக்கொள்ள அதைப்போல நூறு மடங்குக்கு மேல் நேரம் வேண்டும். ஆகவே அடிக்கும்போது திருத்த வழியே இல்லை. கை புறப்படுமுன் மூளைக்குப் போய்ச் சேர்ந்த தகவல்தான் முடிவைத் தீர்மானிக்கிறது.

அந்தத் தகவல் போய்ச் சேரும் விதம்தான் இதில் பேரழகு. கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணைப் பாருங்கள், உடனே வலது கண்ணைப் பாருங்கள். உங்கள் கண் நகர்வது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்கு நன்றாகத் தெரியும். கண் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும் அந்தச் சிறுபொழுதில் மூளை வரும் காட்சியை அடக்கிவிடுகிறது. கூர்மையாகத் தெரிவதும் பார்வையின் நடுவில் ஓரிரு பாகை மட்டுமே. கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகத்தின் அகலம். வெள்ளை, மற்றப் பந்து, பொக்கெட், மறுபடி வெள்ளை என்று தாவிக்கொண்டே கியூவைத் தள்ளுபவர், அந்தத் தாவல்களின் நேரமெல்லாம் தெளிவாக எதையும் பார்க்காமல்தான் ஆடுகிறார்.

கண் கைக்கு முன்னே போக வேண்டும். 1999இல் பார்வை ஆய்வாளர் மைக்கேல் லாண்டும் சகாக்களும் கண்ணசைவைப் பதியும் கருவியை மாட்டிவிட்டு, ஆட்களைத் தேநீர் போடச் சொன்னார்கள். கை கேத்தலைத் தொடுவதற்கு ஏறக்குறைய அரை வினாடிக்கு முன்பே கண் அங்கே போய் நின்றது. தேயிலை நாட்டில் எந்தக் குசினியிலும் இதைக் காணலாம். கொழுந்து எடுப்பவர்களையும் கவனித்துப் பாருங்கள், விரல் கிள்ளும்போதே பார்வை அடுத்த கொழுந்தைத் தேடும்.

குறி பார்க்கும் விளையாட்டில் கண் முன்னே போனால் மட்டும் போதாது, அங்கே நிற்கவும் வேண்டும். கனடாவின் கல்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் விக்கர்ஸ், 1996இல் கூடைப்பந்து வீரர்களை ஆராய்ந்து இதற்கு 'அமைதிக் கண்' என்று பொருள்படும் பெயர் வைத்தார். அசைவு தொடங்குமுன், மூன்று பாகைக்குள் குறைந்தது 100 மில்லிவினாடி நிலைத்து நிற்கும் கடைசிப் பார்வை அது. 2002இல் வெளியான ஓர் ஆய்வு இதையே பில்லியர்ட்ஸ் மேசையில் சோதித்தது. தேர்ந்தவர்களின் அமைதிக் கண் மற்றவர்களுடையதைவிட நீண்டது. கடினமான ஷொட்டுக்கு அது இன்னும் நீண்டது. அடிக்கக் கிடைக்கும் நேரத்தைக் குறைத்தபோது அதுவும் சுருங்கியது, ஷொட்டுகளும் பிசகின.

அப்படியானால் வேகமாக ஆடுபவர்கள் எப்படி வெல்கிறார்கள்? 1997இல் ரொனி ஓ'சலிவன் என்ற வீரர், பூலைப் போன்ற இன்னோர் ஆட்டமான ஸ்னூக்கரில் அதன் வழமையான உச்சப் புள்ளியான 147ஐ எடுத்தபோது, 36 பந்துகளைப் போட அவருக்கு ஐந்தரை நிமிடம்கூட ஆகவில்லை. மேசையைச் சுற்றி நடந்ததையும் சேர்த்து ஒரு பந்துக்கு ஒன்பது வினாடி. தீர்மானத்தையும் நடையையும் விரைவாக்கலாம். கடைசிப் பார்வையைச் சுருக்கத்தான் கூடாது.

வாசகரின் நிதானம் அவரைக் கவிழ்ப்பது வேறு வழியில். குனிந்த பிறகு யோசிக்கிறார். முழங்கை நேரா, வெள்ளை எங்கே போய் நிற்கும் என்று மனம் அலையும்போது கண்ணும் அலைகிறது. கைக்குப் பழகிய அசைவைச் சொல்லாகப் பிரித்து மேற்பார்க்கத் தொடங்கினால் அது உடையும். 1992இல் ரிச் மாஸ்டர்ஸ் என்ற ஆய்வாளர் கோல்ஃப் பழகுநர்களிடம் இதைக் கண்டார்: விதிகளை மனப்பாடம் செய்து பழகியவர்கள் நெருக்கடியில் தடுமாறினார்கள்.

ஆகவே யோசனையெல்லாம் நின்றபடியே முடியட்டும்: எந்தப் பொக்கெட், என்ன பலம், வெள்ளை எங்கே நிற்க வேண்டும். பிறகு ஷொட்டின் கோட்டிலேயே நடந்து வந்து குனியுங்கள். மூன்று நான்கு முறை கியூவை முன்னும் பின்னும் ஓட்டும்போது வெள்ளையையும் மற்றப் பந்தையும் மாறி மாறிப் பார்க்கலாம். கடைசியாக நுனியை வெள்ளைக்கு நெருக்கமாக நிறுத்தி, கண்ணை மற்றப் பந்தில் படவேண்டிய புள்ளிக்குக் கொண்டுபோய் அங்கேயே விடுங்கள். கியூ மெதுவாகப் பின்னே போகட்டும், பிறகு அடியுங்கள். பந்து விழும்வரை தலையைத் தூக்காதீர்கள். நடுவில் சந்தேகம் வந்தால் எழுந்துவிட வேண்டும். குனிந்தபடியே குறியை மாற்றினால் கால் பழைய கோட்டிலும் கை புதிய கோட்டிலும் நிற்கும். 30 வினாடிக் கடிகாரம் ஓடும் போட்டியில்கூட எழுந்து திரும்பக் குனிய நேரம் இருக்கிறது.

ஃபோனை எதிர்க் குஷனில் (மேசையின் ரப்பர் விளிம்பில்) சாய்த்து மெதுவசைவு வீடியோ எடுத்தால் கண் தாவுவது தெளிவாகத் தெரியும். மலையகப் பாடசாலைகளின் அறிவியல் கண்காட்சிகளில் வருடாவருடம் எரிமலை மாதிரி செய்கிறோம். ஒரு கரம் போர்டும் ஒரு ஃபோனும் இருந்தால் மாணவர்கள் உண்மையான தரவு எடுக்கலாம். இதற்குச் சிறுதொகை ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மலையில் ஆடுபவர்களுக்கு இன்னொன்று. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். பனிமூட்டம் இறங்கிய மாலையில் மேசைத்துணி ஈரம் வாங்கும், பந்து வழமையைவிடச் சீக்கிரம் நிற்கும். உடனே பலமாக அடிக்கத் தோன்றும். கை அவசரப்படும், கண்ணும் சீக்கிரம் விலகும். ஆட்டத்துக்கு முன் துணியைத் தூரிகையால் துடைத்துவிட்டு, வெள்ளையை மட்டும் எதிர்க் குஷனுக்கு அடித்துத் திரும்பிவரச் செய்யுங்கள். ஐந்து முறை போதும். கூடுதல் பலம் வேண்டுமென்றால் கியூவை இன்னும் இரண்டு விரற்கடை பின்னே இழுங்கள். இழுக்கும் வேகம் மாறக்கூடாது. விரல் விறைத்திருந்தால் ஒரு கோப்பை பிளேன்டீயைக் கையில் பிடித்துச் சூடாக்கிக்கொண்டு, அதன்பிறகு கியூவை எடுங்கள்.