பத்து வரை ஒப்பிக்கும் குழந்தைக்கு ‘மூணு’ தெரியுமா?

இரண்டரை வயதுக் குழந்தை ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ என்று பத்து வரை தங்கு தடையின்றிச் சொல்லும். அதன் முன்னால் பத்துக் கட்டைகளை வைத்து, ‘மூணு எடுத்துக் கொடு’ என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கைக்கு வந்ததை அள்ளிக் கொடுக்கும். பாட்டு மனப்பாடமாகிவிட்டது, பொருள் இன்னும் பிடிபடவில்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட காலம் ஓராண்டுக்கு மேலும் நீளலாம். வீட்டுப் பெரியவர்களின் உதவி அதிகம் தேவைப்படுவது இந்த இடைவெளியில்தான்.

இப்படிக் கேட்டுச் சோதிக்கும் முறையைப் பரவலாக்கியவர் உளவியலாளர் கேரன் வின். 1990-களின் தொடக்கத்தில் அவர் வெளியிட்ட ஆய்வுகள் ஒரு ஒழுங்கைக் காட்டின. குழந்தை முதலில் ‘ஒண்ணு’ என்பதை மட்டும் சரியாகக் கொடுக்கும். வேறு எந்த எண்ணைக் கேட்டாலும் அள்ளல்தான். சில மாதங்கள் கழித்து ‘ரெண்டு’ வசப்படும், பிறகு ‘மூணு’. அதன்பின், பெரும்பாலும் மூன்றரை வயதை ஒட்டி, எண்ணும்போது கடைசியாகச் சொல்லும் எண்தான் மொத்த எண்ணிக்கை என்பது புரிந்துவிடுகிறது. அது புரிந்த குழந்தை ஐந்து, ஆறு என்று கேட்டாலும் எண்ணியே எடுத்துக் கொடுக்கும்.

அளவை உணரும் திறன் சொற்களுக்கு முன்பே வந்துவிடுகிறது. ஆறு மாதக் குழந்தைகள் 8 புள்ளிகளையும் 16 புள்ளிகளையும் வேறுபடுத்துகிறார்கள். 8-க்கும் 12-க்கும் உள்ள வேறுபாடு அந்த வயதில் தெரிவதில்லை என்று உளவியலாளர்கள் ஃபெய் ஷூவும் எலிசபெத் ஸ்பெல்கியும் 2000-இல் காட்டினார்கள். இது தோராய உணர்வு. இதோடு, மூன்று பொருள்கள் வரை ஒவ்வொன்றாக மனத்தில் வைத்திருக்கும் திறனும் உண்டு. ஒரு வயதை நெருங்கும் குழந்தையின் கண்முன்னே ஒரு டப்பாவில் இரண்டு பிஸ்கட்டும் இன்னொன்றில் மூன்றும் ஒவ்வொன்றாகப் போட்டால், அது மூன்று உள்ள டப்பாவை நோக்கித் தவழும். ஒன்றில் நான்கு போட்டுவிட்டாலோ, இரண்டா நான்கா என்பதில்கூடத் தடுமாறும்.

அதனால் கைக்குழந்தைக்கு எண் அட்டைகள் வேண்டியதில்லை. சட்டை போடும்போது ‘ரெண்டு கை’ என்று தொட்டுச் சொல்வதும், ‘இன்னும் ஒண்ணு’, ‘உள்ளே’, ‘மேலே’, ‘பெரிசு’ போன்ற சொற்களைப் பொருளைக் காட்டியபடியே சொல்வதும் போதும்.

ஒன்றரை வயதிலிருந்து எண்ணிக் காட்டலாம். மொத்தத்தை முதலில் சொல்லிவிட்டு உடனே எண்ணுங்கள்: ‘மூணு கட்டை. ஒண்ணு, ரெண்டு, மூணு.’ வெறுமனே எண்ணுவதைவிட இது பலன் தருகிறது. மொத்தத்துக்கான சொல்லும் எண்ணி முடிக்கும் சொல்லும் ஒன்றே என்பது அடுத்தடுத்துக் காதில் விழுகிறது. எண்ணிய ஒவ்வொன்றையும் தொட்டு மறுபக்கம் நகர்த்துங்கள். குழந்தையின் எண்ணிக்கை பிசகுவது பெரும்பாலும் விரலும் வாயும் ஒன்றுசேராததால். எண்ணியது எது, எண்ணாதது எது என்று மறந்துபோவதால் ஒரே கட்டை இருமுறை கணக்கில் வரும். நகர்த்தினால் இரண்டு சிக்கலும் குறையும்.

எண்ணி முடித்ததும் ‘எத்தனை?’ என்று கேட்டால் பதில் சொல்லாமல் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குகிறதா? கடைசிச் சொல்லின் பொருள் இன்னும் பிடிபடவில்லை. கண்டிக்க வேண்டாம். கட்டைகளைச் சுற்றிக் கையால் வட்டம் காட்டி ‘மொத்தம் நாலு’ என்று நீங்களே சொல்லுங்கள். மூன்றோடு நிறுத்திவிடுவது பல பெரியவர்களின் பழக்கம். கண்முன் இருக்கும் 4 முதல் 10 பொருள்களை எண்ணிப் பேசும் பெற்றோரின் குழந்தைகள், பின்னாளில் எண்ணிக்கையின் பொருளை நன்றாக அறிந்திருப்பதாக ஆய்வு உண்டு. மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, வாய்க்குள் அடங்காத அளவுள்ள பொருள்களையே கொடுங்கள். பொத்தானும் கோலியும் மூச்சுக்குழாயை அடைத்துவிடும்.

நான்கு வயதில் ஒரு எளிய பலகை விளையாட்டு மிகவும் உதவும். ஒரே அளவில் பத்துக் கட்டங்களை இடமிருந்து வலமாக ஒரே வரிசையில் வரைந்து 1 முதல் 10 வரை எழுதுங்கள். ‘1’, ‘2’ என்று எழுதிய சீட்டுகளில் ஒன்றை எடுத்துக் காயை நகர்த்த வேண்டும். 3-ஆம் கட்டத்தில் நிற்கும் குழந்தைக்கு 2 விழுந்தால் ‘நாலு, அஞ்சு’ என்று கட்டத்து எண்ணைச் சொல்லி நகர வேண்டும். ‘ஒண்ணு, ரெண்டு’ என்று சொன்னால் பயன் குறைந்துவிடும். இரண்டு வாரங்களில் 15 நிமிட ஆட்டம் நான்கு முறை ஆடியதிலேயே எண் அறிவு முன்னேறியதை உளவியலாளர்கள் ராபர்ட் சீக்லரும் கீதா ரமணியும் 2008-இல் கண்டார்கள். எண்ணுக்குப் பதில் நிறங்கள் கொண்ட பலகையில் ஆடியவர்களுக்கு அந்த முன்னேற்றம் இல்லை. எண் பெரிதாகப் பெரிதாகக் காய் கடந்த தொலைவும், கை நகர்ந்த தடவைகளும், சொன்ன சொற்களும் சேர்ந்தே கூடுகின்றன. எண்ணின் அளவை உடலே உணர்கிறது.

வடிவங்களில் ஒரு எச்சரிக்கை மட்டும். படப் புத்தகங்களில் முக்கோணம் எப்போதும் கூர்முனை மேலே இருக்க, மூன்று பக்கமும் சமமாக நிற்கும். ஒல்லியானது, சாய்ந்தது, தலைகீழானது எல்லாவற்றையும் காட்டுங்கள். இல்லையென்றால் திருப்பி வைத்த முக்கோணத்தை முக்கோணமே இல்லை என்று குழந்தை சொல்லும்.

கூட்டலுக்கு எழுத்துக் குறிகள் தேவையில்லை. இரண்டு கட்டைகளைக் காட்டித் துணியால் மூடுங்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்றை உள்ளே தள்ளுங்கள். ‘இப்போ உள்ளே எத்தனை?’ சொல்லத் தெரியாவிட்டால், அதே அளவு கட்டைகளைத் தன் பக்கம் எடுத்து வைக்கச் சொல்லலாம். பிறகு துணியை விலக்கி, இரண்டு வரிசைகளையும் ஒன்றுக்கொன்று நேராக வைத்து ஒப்பிட்டுப் பார்க்க விடுங்கள். தவறாக இருந்தால், எங்கே ஒன்று மிஞ்சுகிறது என்பதைக் குழந்தையே கண்டுவிடும்.