'ஆம்' போட்டால் கம்பெனிப் பணம் நின்றுவிடாது

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 2023 வரை, ஏப்ரல் தேர்தல் நெருங்கினாலே இந்தக் கேள்வி வந்துவிடும். "கம்பெனிகள் மனிதர்கள் அல்லன்னு ஓட்டுச்சீட்டில் போட்டிருக்கே, 'ஆம்' போட்டா அவங்க தேர்தலில் பணம் கொட்டுறது நின்னுடுமா?" நிற்காது. அது ஆலோசனை வாக்கெடுப்பு. தங்கள் பிரதிநிதிகளுக்கு ஊர் மக்கள் சொல்லும் கருத்து, அவ்வளவுதான். மேடிசன் நகரம் 2011 ஏப்ரலில் 84 சதவீதம் 'ஆம்' என்றது. அதன் பிறகும் பணம் வந்துகொண்டுதான் இருக்கிறது.

இதைவிட எரிச்சல் தருவது இன்னொன்று: "2010-இல் உச்ச நீதிமன்றம்தான் கம்பெனியை மனுஷனாக்கிச்சு." தயவுசெய்து இதை ஃபார்வர்ட் செய்யாதீர்கள். சட்டத்தின் கண்ணில் கம்பெனி 'நபர்' ஆகி நூறாண்டுக்கு மேலாகிறது. சொத்து வாங்க, ஒப்பந்தம் போட, முக்கியமாக நீங்கள் அதன்மேல் வழக்குப் போட, அந்த அந்தஸ்து வேண்டும். நம்மூரில் சாமி பெயரில் நிலம் இருக்கிறது, வழக்கும் நடக்கிறது. அதற்காகச் சாமி வாக்காளர் பட்டியலில் ஏறிவிட்டதா? சட்ட நபர் என்பது வேறு, அரசியல் சட்டம் தரும் பேச்சுரிமை வேறு. அந்த 2010 தீர்ப்பு, சிட்டிசன்ஸ் யுனைடெட் வழக்கில் 5-4 என வந்தது, பேச்சுரிமை பற்றியது. வேட்பாளரோடு கலந்து பேசாமல் தனியாகச் செய்யும் பிரசாரச் செலவை, செய்வது கம்பெனி, தொழிற்சங்கம் என்பதற்காகத் தடுக்கக் கூடாது என்றது. கூட்டாட்சித் தேர்தலில் வேட்பாளர் கையில் கம்பெனி நேரடியாகப் பணம் கொடுப்பதற்கு 1907-இல் வந்த தடை இன்றும் இருக்கிறது. தேர்தல் செலவுக்குப் பேச்சின் பாதுகாப்பு கிடைத்ததோ 1976-இல், பக்லி வழக்கில். அதில் கம்பெனி 'நபரா' என்ற கேள்வியே எழவில்லை.

ஆகவே அரசியல் சட்டத்தைத் திருத்தச் சொல்லும் ஊர்த் தீர்மானத்தை எழுதும்போது இரண்டும் வேண்டும்: ஒன்று, அரசியல் சட்ட உரிமைகள் மனிதர்களுக்கு மட்டுமே; இரண்டு, பணம் பேச்சு அல்ல, அதனால் செலவுக்கு வரம்பு போடலாம். முதலாவதை மட்டும் எழுதினால், கோடீஸ்வரர் தன் சொந்தக் கணக்கிலிருந்து சூப்பர் பேக்குக்கு (வேட்பாளரோடு சேராமல் வரம்பின்றிப் பணம் திரட்டிப் பிரசாரம் செய்யும் குழு) கொடுக்கும் செக்கை அது தொடவே தொடாது. "அப்போ பத்திரிகை கம்பெனிக்கும் பேச்சுரிமை இல்லையா?" என்று எதிர்த்தரப்பு கேட்கும். பதிலை முன்கூட்டியே தயார் செய்யுங்கள், நியாயமான கேள்விதான்.

விஸ்கான்சினில் இப்படிப்பட்ட உள்ளூர் ஆலோசனை வாக்கெடுப்புகளை 2023-இல் வந்த மாநிலச் சட்டம் தடுத்துவிட்டது. அதுவரை, மனுப் போட்டு வாக்கெடுப்பு கேட்க நகரம், கிராமம் என்றால் மாநிலச் சட்டப் பிரிவு 9.20 வழியாக இருந்தது. கடைசி ஆளுநர் தேர்தலில் அங்கே பதிவான வாக்குகளில் 15 சதவீத எண்ணிக்கைக்குக் கையெழுத்து வேண்டியிருந்தது. டவுனுக்கும் (நகரத்துக்கு வெளியே உள்ள தனி உள்ளாட்சி) கவுண்டிக்கும் (மாவட்டம் போன்றது) இந்த வழி இல்லை; அங்கே வாரிய உறுப்பினர்களைத்தான் பிடிக்க வேண்டும். கிளார்க் (ஊரின் ஆவணங்களையும் தேர்தலையும் பார்க்கும் அதிகாரி) 15 நாளில் சரிபார்ப்பார், குறை இருந்தால் திருத்த 10 நாள். மனு தேறினால் நகர சபை 30 நாளுக்குள் ஒரு வார்த்தை மாற்றாமல் நிறைவேற்ற வேண்டும், இல்லையேல் மக்கள் வாக்குக்கு விட வேண்டும் என்றிருந்தது. தேர்தலுக்கு 70 நாளுக்கு மேல் இல்லாவிட்டால் அடுத்த தேர்தலுக்குத் தள்ளிப்போகும். ஆகவே கோடையிலேயே கிளம்ப வேண்டியிருந்தது. இப்போது நகர சபையிலும் உறுப்பினர்களைப் பிடித்துத் தீர்மானம் போடச் சொல்லுங்கள்.

எந்த மனுவிலும் கையெழுத்து வீணாவது பெரும்பாலும் முகவரியில்தான். தபால் முகவரியில் 'மேடிசன்' என்றிருக்கும், வீடு பக்கத்து டவுன் எல்லைக்குள் இருக்கும். வாசலிலேயே கேளுங்கள்: "எந்த ஊருக்கு வரி கட்டுறீங்க?" தேதி விட்டுப்போவது அடுத்தது. கையெழுத்து வாங்கியவர் தாளின் அடியில் போட வேண்டிய உறுதிமொழியை எல்லாக் கையெழுத்தும் வாங்கிய பிறகே போட வேண்டும். தேவைக்கு மேல் கால்பங்கு கூடுதலாக வாங்கி வையுங்கள்.

கிரீன் கார்டு (நிரந்தரக் குடியிருப்பு), எச்-1பி (வேலை விசா) நண்பர்களே, கெஞ்சிக் கேட்கிறேன்: மனுவில் கையெழுத்து வேண்டாம், வாக்கு வேண்டவே வேண்டாம். 'வெறும் ஆலோசனைதானே' என்று வாக்குப் போட்டாலும் குடியுரிமை விண்ணப்பம் கெடலாம், நாடு கடத்தல் வரைக்கும் போகலாம். வேட்பாளருக்கு நன்கொடை கிரீன் கார்டுக்காரர்கள் தரலாம். எச்-1பிக்காரர்கள் பத்து டாலர்கூடத் தரக் கூடாது.

தீர்மானம் ஜெயித்த பிறகு எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அரசியல் சட்டத் திருத்தத்துக்கு இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு, அதன்பின் 38 மாநிலங்கள் வேண்டும். 2014 செப்டம்பரில் இப்படி ஒரு திருத்தத்துக்கு செனட்டில் 54-42 வாக்கு கிடைத்தும் விவாதத்தை முடிக்கத் தேவையான 60 இல்லாமல் நின்றுபோனது. எனவே முடிவை உங்கள் காங்கிரஸ் உறுப்பினருக்கும் மாநில சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் கிளார்க் அனுப்ப வேண்டும் என்று தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். பிறகு காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகத்தைக் கூப்பிட்டு, திருத்த மசோதாவை ஆதரிப்பவர்களில் அவர் பெயர் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். "பரிசீலனையில் இருக்கிறது" என்றால் இல்லை என்று அர்த்தம். அடுத்த மாதம் மறுபடி கூப்பிடுங்கள்.