தஞ்சம் கேட்கும்போது வைத்த விரல், பொலிஸ் கைக்கு எப்போது போகும்?

பிரான்ஸிலோ சுவிஸிலோ புதிதாகத் தஞ்சம் கேட்கிறவரிடம் தெரிந்தவர்கள் முதலில் கேட்பது, "வேறு எங்கேயும் பிங்கர் (கைரேகை) வைத்தீர்களா?" என்றுதான். தஞ்சக் கோரிக்கையை எந்த ஐரோப்பிய நாடு விசாரிக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் டப்ளின் விதியில், அந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் அது. அதே பிங்கர் குற்ற விசாரணைக்கும் போகலாம் என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களில் சிலர், தெருவில் மறிக்கிற எந்தப் பொலிஸ்காரரும் அதைத் திறந்து பார்க்கலாம் என்று நினைக்கிறார்கள். அதுவும் தவறு.

இந்தக் கைரேகைகளைச் சேர்த்து வைக்கும் ஐரோப்பியத் தரவுத்தளமான யூரோடாக் 2003 ஜனவரி 15 அன்று இயங்கத் தொடங்கியது. ஒருவரின் தஞ்சக் கோரிக்கையை எந்த நாடு விசாரிக்க வேண்டும் என்று கண்டுபிடிப்பது மட்டுமே அப்போது அதன் வேலை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 603/2013 இலக்க ஒழுங்குவிதி 2015 ஜூலை 20 முதல் பொலிஸுக்கும், ஐரோப்பிய ஒன்றியத்தின் பொலிஸ் அமைப்பான யூரோபோலுக்கும் கதவைத் திறந்துவிட்டது. தொடக்க நோக்கம் இதனால் மாறுகிறது, தனிவாழ்வுக்கான உரிமையில் இது ஒரு தலையீடு என்று அந்த ஒழுங்குவிதியின் முகவுரையே ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் திறந்தார்கள்.

அந்தக் கதவுக்கு 2013 விதி பல பூட்டுகளைப் போட்டது. பொலிஸ் முதலில் தன் நாட்டுக் கைரேகைப் பதிவில் தேட வேண்டும். பிறகு, உறுப்பு நாடுகளின் பொலிஸ் தரவுகளை ஒன்றுக்கொன்று தேட வழிசெய்யும் புரூம் ஏற்பாட்டின்படி மற்ற உறுப்பு நாடுகளின் பதிவுகளிலும், அதன்பின் விசா தகவல் முறைமையிலும் தேட வேண்டும். அங்கெல்லாம் ஆள் அகப்படாவிட்டால்தான் யூரோடாக். குற்றம் பயங்கரவாதமாகவோ, ஐரோப்பியப் பிடியாணைப் பட்டியலில் உள்ள, உச்சத் தண்டனை குறைந்தது 3 ஆண்டுகள் கொண்ட பாரதூரமான குற்றமாகவோ இருக்க வேண்டும். டிக்கெட் இல்லாமல் ரயில் ஏறியதோ கடையில் ஒரு சாமானைத் தூக்கியதோ இதில் வராது. குறிப்பிட்ட ஒரு வழக்குக்காகக் கேட்கலாமே தவிர, மொத்தமாக வலை வீச முடியாது. காரணம் எழுதிய கோரிக்கையைத் தனியான சரிபார்ப்பு அதிகாரி பார்த்து அனுப்புவார். உடனடி ஆபத்து என்றால் முதலில் தேடிவிட்டுப் பிறகு சரிபார்க்கலாம். எங்கள் பார்வையில் சட்டத்தரணி கூர்ந்து பார்க்க வேண்டிய ஓட்டை அதுதான்.

ஒவ்வொரு பதிவு எண்ணிலும் நாட்டின் எழுத்துக் குறிக்கு அடுத்து ஓர் இலக்கம் வரும். 1 என்றால் தஞ்சம் கேட்டவர். 2 என்றால் எல்லையை ஒழுங்கற்ற முறையில் கடந்து பிடிபட்டவர். 3 என்றால் அனுமதியின்றித் தங்கியிருந்தவர். பொலிஸ் தேடல் 4, யூரோபோல் தேடல் 5. கோப்பில் 4 இருந்தால், உங்கள் விரல் எந்தப் பாதையில் வந்தது என்று கேட்கச் சட்டத்தரணிக்கு ஒரு பிடி கிடைக்கிறது.

பிழை பெரும்பாலும் நுழைவது, குற்றம் நடந்த இடத்தில் எடுத்த தடயத்தை ஒப்பிடும்போது. தஞ்ச அலுவலகத்தில் பத்து விரலையும் உருட்டி, தெளிவாக எடுக்கிறார்கள். போத்தலிலோ பொலித்தீன் பையிலோ கிடைப்பது பாதி விரல், கலங்கிய கோடுகள். கணினி "இவர்தான்" என்று சொல்வதில்லை. நெருங்கிய சாயல் உள்ளவர்களை வரிசைப்படுத்திக் கொடுக்கும், கைரேகை நிபுணர்தான் முடிவு செய்வார். தரவுத்தளம் பெரிதாகப் பெரிதாக, சம்பந்தமே இல்லாத ஒருவரின் விரல் தடயத்தோடு ஒத்துப்போகிற வாய்ப்பும் கூடும். 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் ஒரு பையில் கிடைத்த ரேகையை, அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. ஓரிகன் மாநிலச் சட்டத்தரணி ஒருவருடையது என்று உறுதியாகச் சொன்னது. அவரை இரண்டு வாரம் அடைத்தும் வைத்தது. கடைசியில் அது ஓர் அல்ஜீரியருடையது என்று ஸ்பெயின் பொலிஸ் கண்டுபிடித்தது. குற்றப் பதிவில்லாத உள்ளூர்க் குடிமகனின் பத்து விரலும் இப்படித் தேடலுக்குக் கிடப்பதில்லை, அகதியின் விரல் கிடக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வுதான் எங்கள் முதல் ஆட்சேபம்.

பொலிஸ் கூப்பிட்டு "உங்கள் ரேகை கிடைத்திருக்கிறது" என்றால், "எங்கேயாவது பட்டிருக்கும்" என்று ஊகித்துச் சொல்லாதீர்கள். அது அப்படியே வாக்குமூலத்தில் ஏறும். சட்டத்தரணியையும் இலவச மொழிபெயர்ப்பாளரையும் கேளுங்கள். எந்த விரல், எந்தப் பொருள், இடம்விட்டு இடம் போகக்கூடிய பொருளா, பொருத்தத்தை நிபுணர் சரிபார்த்தாரா, எப்போது என்பவை சட்டத்தரணி கேட்க வேண்டியவை. பொருத்தம் பிழை என்று தெரிந்தால் வந்த தரவை உடனே அழிக்க வேண்டும். நடப்பு விசாரணைக்குத் தேவையில்லாத தரவை ஒரு மாதத்தில் அழிக்க வேண்டும்.

தஞ்சம் கேட்டவரின் பதிவு 10 ஆண்டு இருக்கும். 2013 விதியில் எல்லைப் பதிவுக்கு 18 மாதம்தான். 2026 ஜூன் 12ஐ நடைமுறை நாளாகக் குறித்த 2024/1358 ஒழுங்குவிதி அதை 5 ஆண்டாக்கியது. ரேகை எடுக்கும் வயதை 14இலிருந்து 6க்கு இறக்கியது. முன்பு பதிவில் பெயரே இருக்கவில்லை, அதில் பெயரும் முகப்படமும் சேர்ந்தன. உறுப்பு நாடொன்றின் குடியுரிமை கிடைத்தால் பதிவை அழிக்க வேண்டும். ஆனால் அழிக்க வேண்டியது விரலை எடுத்த நாடு. ஜேர்மனியில் பிங்கர் வைத்துவிட்டுப் பிரான்ஸ் குடியுரிமை எடுத்தவர், ஜேர்மனிக்குத் தானாகவே தெரிந்துவிடும் என்று இருந்துவிடாமல், குடியுரிமைப் பத்திரத்தின் பிரதியோடு எழுதிக் கேட்பது நல்லது.

இலங்கைக்குப் போய்விடுமா என்பது எங்களிடம் அதிகம் வரும் கேள்வி. ஒருவர் தஞ்சம் கேட்டார் என்ற தகவலைச் சொந்த நாட்டுக்குக் கொடுக்கத் தடை உண்டு. திருப்பி அனுப்பும் வேலைக்காக வேறு விபரங்களைக் கொடுக்கப் புதிய விதி சில வாசல்களைத் திறந்தாலும் இந்தத் தடை நிற்கிறது. பிரித்தானியா 2020 இறுதியோடு யூரோடாக்கை விட்டு வெளியேறிவிட்டது. பாரிஸில் வைத்த விரலை லண்டன் இந்த வழியாகப் பார்க்க முடியாது.

உங்கள் பேரில் என்ன பதிவு இருக்கிறது என்று கேட்க உரிமை உண்டு. எங்கே எழுதுவது என்பது விரல் எடுத்தபோது கொடுத்த துண்டுப்பிரசுரத்தில் இருக்கும், அதைத் தூக்கி எறியாதீர்கள். ஆளை உறுதிப்படுத்த மறுபடி விரல் வைக்கச் சொல்வார்கள். பயப்பட வேண்டாம், அந்தத் தேடலின் இலக்கம் 9. அதற்காக எடுத்த ரேகையை வேறெதற்கும் பயன்படுத்த முடியாது, வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும்.