ஜாதகத்தோடு வந்த அம்மா

தை மாதம், சம்பா அறுவடை நேரம். குத்தாலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா என் அலுவலகத்துக்கு வந்தார். மடியில் மஞ்சப்பை, உள்ளே மகளின் ஜாதகம். மகளுக்கு வயது 24. தான் காதலிக்கும் பெண்ணோடு சென்னையில் வீடெடுத்துத் தங்கிவிட்டாள், அத்தை மகனைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்கிறாள்.

"காணோம்னு ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்தா, புடிச்சுக் கொடுத்துடுவாங்கதானே வக்கீலம்மா?"

முடியாதும்மா என்றேன். இப்படித் தன்பால் ஈர்ப்புள்ள, வயது வந்தவர்கள் விரும்பிச் சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிப் புகாரை முடித்துவிட வேண்டும் என்று 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் காவல்துறைக்கு உத்தரவிட்டிருக்கிறார். அந்த நீதிபதியே முதலில் தனக்கு இது பிடிபடவில்லை என்று சொல்லி, உளவியல் நிபுணரிடம் கேட்டுத் தெளிந்த பிறகுதான் தீர்ப்பு எழுதினார். அதைக் கேட்டதும் அந்த அம்மா முகம் கொஞ்சம் இளகியது.

வைத்தியம் பார்த்து மாற்றிவிடலாம் என்று யாரோ சொன்னார்களாம். நோயே இல்லாததற்கு என்ன வைத்தியம்? அப்படி 'மாற்ற' முயல்வது தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்துவிட்டது.

கட்டி வைத்தால் சரியாகிவிடும் என்பதும் அப்படித்தான். கட்டாயப்படுத்திக் கட்டி வைத்து, ஒரு வருடத்தில் விவாகரத்துக்கு வந்த வழக்குகளை நடத்தியிருக்கிறேன். பெண்ணும் அழுகிறாள், விஷயமே தெரியாமல் தாலி கட்டிய பையனும் கோர்ட் வராந்தாவில் தலைகுனிந்து நிற்கிறான். அவன் என்ன பாவம் செய்தான்?

சரி, அவர்கள் திருமணத்தைப் பதிவு செய்ய முடியுமா? இன்றைக்கு முடியாது. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது, சட்டமியற்றும் மன்றங்கள் செய்ய வேண்டிய வேலை என்றது. ஐயரும் மந்திரமும் இல்லாத சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967இல் சட்டம் போட்ட மாநிலம் இது. இதற்கும் நாம் கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் 2025 மே மாதம், வீட்டார் அடைத்து வைத்த 25 வயதுப் பெண்ணை விடுவித்த சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைக்கத் திருமணம் மட்டுமே வழியல்ல என்று சொல்லியிருக்கிறது. இதே நிலையில் உங்கள் துணை இருந்தால் ஆட்கொணர்வு மனு, அதாவது அடைத்து வைக்கப்பட்டவரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் மனு போடலாம். தஞ்சாவூர் மாவட்டம் என்றால் மதுரைக் கிளையில், திருவாரூர், மயிலாடுதுறை என்றால் சென்னையில்.

சேர்ந்து வாழ்கிறவர்களுக்கு ஒன்று. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் உங்கள் துணைக்கு இடமில்லை. அதனால் உயில் எழுதுங்கள். வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கி, துணையை நாமினியாகப் போடுங்கள். தடையில்லை என்று 2024 ஆகஸ்டிலேயே நிதி அமைச்சகம் தெளிவுபடுத்திவிட்டது. உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். சொந்தத்தில் யாரும் கையெழுத்துப் போட வரவில்லை என்றால், என் அலுவலகத்துக்கு வாருங்கள்.